வெறுங்கையோடு வந்த ஞானத்தாய்

மகனே,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வந்துபோன நாளிலிருந்து நான் உன்னிடம் சாப்பாடு, விமான டிக்கெட், மண்டபம், பந்தல் என்று மட்டும்தான் பேசி வருகிறேன். நீயும் அதை வசதியாக எடுத்துக்கொண்டாய். அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்திருப்பாய். உன் அப்பா எதையும் மறக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியில் எனக்கு வரவேண்டிய விரிவுரையாளர் வேலையைத் தட்டிப் பறித்தவனுடைய முகம் இன்றைக்கும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. உன் பெரியப்பா எந்தெந்த நாளில் என்னென்ன சொன்னார் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். துறைமுகத்து ஏஜென்சி ஆபீஸில் இத்தனை வருடம் மற்றவர்களுடைய சரக்கை ஏற்றி இறக்கிவிட்டு, என்னுடைய சுமையை மட்டும் இறக்காமல் வைத்திருக்கிறவன் நான். அப்படிப்பட்டவனிடம் நீ ஒரு புதுச் சுமையைக் கொடுத்துவிட்டு ஹைதராபாத்துக்குப் பறந்துவிட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை கோவிலில் உன் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். உன் பெயர், என் பெயர், உன் அம்மா பெயர், பெண்ணின் பெயர், அவள் பங்குக் கோவிலின் பெயர். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று வழக்கம்போல முடித்தார் சாமியார். எழுந்து நின்றுவிடலாமா என்று ஒரு கணம் கால் பரபரத்தது. எனக்குத் தெரிந்த தடை ஒன்றுதான். மாப்பிள்ளைக்குத் தன் ஞானத்தாயை அடையாளம் தெரியவில்லை. உன் அம்மா என் தொடையில் கை வைத்து அழுத்தினாள். உட்கார்ந்துவிட்டேன். உன் ஞானத்தாய் பிலோமி எப்போதும் நிற்கும் கடைசித் தூண் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே அவள் இல்லை.

அவளை நான் முதன்முதலில் பார்த்த கதையை உன் அம்மா உனக்குச் சிரிக்கிற மாதிரி சொல்லியிருக்கிறாள். நான் சிரிக்காமல் சொல்கிறேன். நீ மாதம் நிறையாமல் பிறந்தாய். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி, நீல நிறத்தில். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை வாங்கிக்கொண்டு மாடியேறி வருகிறேன். வார்டு வாசலில் நர்ஸ் உன்னைத் துணியில் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி இருக்கும் அறைக்குக் கொண்டுபோகிறாள். குறுக்கே ஒரு பெண்பிள்ளை நிற்கிறாள். என்னைவிட உயரம். சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, கழுத்துப் பித்தான்வரை போட்டிருக்கிறாள். மணிக்கட்டில் ஆம்பிளை வாட்ச். வாயில் வெற்றிலை. அவளைச் சுற்றி நாலடிக்கு மீன் கவிச்சி. நர்ஸை ஒரு கையால் தடுத்து நிறுத்தி, மறுகையில் இருந்த பாட்டிலைச் சாய்த்து உன் நெற்றியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி. திரேஸ்புரம் கரையில் மீன் ஏலம் கூறுகிற குரல் அது என்பது எனக்கு அப்போது தெரியாது.

"ஏளா, யாரு நீ? என் பிள்ளை மேல எதுக்குத் தண்ணி ஊத்துத?" என்று கத்தினேன்.

"பேரு வச்சிட்டேன்வே. மிக்கேலு. இனி செத்தாலும் பயமில்ல" என்றாள்.

பிறந்து ஒரு மணி நேரம் ஆன பிள்ளையின் தகப்பனிடம் ஒருத்தி சொல்கிற சொல்லா இது? மீன் கையோடு பிள்ளையைத் தொடுகிறாயே, முதலில் போய்க் கையைக் கழுவிவிட்டு வா என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கழுவிட்டுத்தான் ஊத்துனேன்" என்றாள். பைத்தியம், குடித்திருக்கிறாள், திமிர் பிடித்தவள் என்று மூன்று விதமாகவும் அவளை எடைபோட்டு வைத்தேன். உனக்கு வைக்க நாங்கள் நினைத்திருந்த பெயர் வேறு. அதை ஒரு மாதம் கழித்துச் சாமியாரிடம் சொன்னபோது, தண்ணீர் ஊற்றி வார்த்தையையும் சரியாகச் சொல்லியிருக்கிறாள், அது செல்லும், ஒருவனுக்கு இரண்டு தடவை ஞானஸ்நானம் கிடையாது என்று சொல்லிவிட்டார். மிக்கேல் என்றே பதிந்தார்கள். மீதிச் சடங்குக்கு யார் ஞானத்தாய் என்று கேட்டபோது, உன் பெரியம்மா பட்டுச்சேலை எடுத்துத் தயாராக இருந்தாள். உன் அம்மா பிலோமியைச் சொன்னாள். பெரியப்பா வீட்டோடு நமக்கு மூண்ட சண்டை அன்றைக்குத்தான் தொடங்கியது. அந்தக் கணக்கிலும் பிலோமி மேல் எனக்குக் கோபம்.

உன் அம்மா ஏன் அவளைச் சொன்னாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் ஒரு சண்டைக்கு நடுவில். அடுத்த கட்டிலில் கிடந்தவள் பிலோமியின் தங்கை. அன்று காலையில்தான் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்து, ஞானஸ்நானம் கொடுக்க யாரையும் கூப்பிட நேரமில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே செபம் இல்லாமல் புதைத்ததைச் சிறுவயதில் பார்த்தவள் அவள். இப்போது அந்த வழக்கம் இல்லை என்று சாமியார்கள் சொன்னாலும் அவள் மனது கேட்கவில்லை. தங்கையின் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பிவிட்டு, குழாயடியில் கை கழுவி, பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு வார்டு வாசலில் நின்றிருக்கிறாள். இன்னொன்று அப்படிப் போகக்கூடாது என்று. மிக்கேல் என்பது தங்கை பிள்ளைக்கு எடுத்து வைத்திருந்த பெயர். அதைத்தான் நீ கல்யாணப் பத்திரிகையில் 'மைக்' என்று அச்சடிக்கக் கொடுத்திருக்கிறாய்.

இதைத் தெரிந்துகொண்டதும் நான் உருகிவிட்டேன் என்று நினைக்காதே. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவளைக் கண்டால் எரிச்சல் எரிச்சலாகவே இருந்தது. வருடாவருடம் உன் ஞானஸ்நான நாளில் அந்தப் பழைய மொபெட்டில் வந்து தெருவே திரும்பிப் பார்க்க ஹாரன் அடிப்பாள். மீன் பெட்டியிலிருந்து பாரையோ சீலாவோ எடுத்து உன் அம்மா கையில் கொடுப்பாள். உன்னை இடுப்பில் தூக்கி, "ஏலே மிக்கேலு, எவ்வளவுக்குக் கேக்கிய? ஐநூறு, ஐநூறு, ஆயிரம், ஆயிரம், தரமாட்டேன் போ" என்று உன்னையே ஏலம் போடுவாள். நீ சிரித்துச் சிரித்து விக்குவாய். நான் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எம்.ஏ.க்காரரு இன்னும் அதே பக்கத்தத்தான் வாசிக்காரு" என்று உன் அம்மாவிடம் சொல்லுவாள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவள் நம் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. வெயிலில் வந்திருப்பாள், உதடு காய்ந்திருக்கும், உன் அம்மா தம்ளரை நீட்டுவாள். "வேண்டாம் ரீட்டா" என்பாள். கிறிஸ்துமஸ் பலகாரம், உன் புதுநன்மை விழாச் சாப்பாடு, எதையும் தொடவில்லை. வாசல்படி தாண்டி உள்ளே வந்தாலும் உட்காரமாட்டாள். ஏன் என்று உன் அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கையைக் கழுவிவிட்டு வா என்று நான் சொன்னது அவளுக்குள் அப்படியே கிடந்தது. அவள் என் மேல் வன்மம் வைத்திருந்தாள். மகனே, நான் என் வயதுக்கு வன்மம் வைத்திருப்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், என்னையும் சேர்த்து. எல்லோரும் கோபத்தைக் கண்ட இடத்தில் கொட்டுகிறவர்கள். பெரியப்பா மேலிருந்த கோபத்தில் அவர் பிள்ளைகளிடம்கூட நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை. இவளோ என் மேலிருந்த கோபத்தில் ஒரு சொட்டு உன் மேல் விழாமல் பார்த்துக்கொண்டாள். ஒரு வருடம் தவறவில்லை. என் வீட்டுத் தண்ணீரையும் தொடவில்லை. இப்படி ஒரு கோபத்தை நான் எங்கும் கண்டதில்லை. எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். அவள் நல்லவள் என்பதால் இல்லை. நல்லவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

நீ வளர்ந்தாய். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் அவள் வேலியோரம் நின்று உன் பெயரை ஏலக் குரலில் கூவியபோது, "எங்க பிலோம்மா" என்று பக்கத்துப் பையன்களிடம் பெருமையாகக் காட்டினாய். பிறகு மீசை அரும்பியது. ஒருநாள் அவளிடம் போய், வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வாருங்கள், பையன்கள் கேலி செய்கிறார்கள் என்றாய். நான் ஜன்னல் வழியாகக் கேட்டேன். "அப்படியா? சரிலே" என்றாள். அதற்குப் பிறகு ஹாரன் சத்தம் கேட்டதில்லை. மீன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்து வந்தாள். உன்னை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். சின்னப் பையன், சரியாகிவிடுவான் என்று விட்டேன்.

வெள்ளம் வந்த வருடம் உனக்குத் தெரியும். ஆனால் நீ ஹைதராபாத்திலிருந்து செய்திகளில் பார்த்த வெள்ளம் அது. உன் அம்மா கால் முறிந்து மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். விடியும்போது தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டது. மாடி வைத்த வீட்டுக்காரரான உன் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு நானே போட்டேன். "இங்க ஏற்கெனவே மருமக வீட்டு ஆளுக வந்திருக்காங்க, பாத்துக்கிடு" என்றார். கோவிலில் வெள்ளைச் சட்டை போட்டு வாசகம் வாசிக்கிற மனிதர், முதல் பார்வைக்கு அவரைப் போல ஒரு கனவானை இந்த ஊரில் காட்ட முடியாது. உன் அம்மாவை நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்துவிட்டு நான் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறேன். தெருவில் பைபர் வள்ளம் ஒன்று வருகிறது. முன்னால் நின்றுகொண்டு வழி சொல்கிறவள் சேலையைத் தூக்கிச் செருகி, அதே சட்டையோடு.

"ஏளா ரீட்டா, கால நீட்டு. அழாத, ஏற்கெனவே தண்ணி நெறையக் கெடக்கு" என்று அவளை அள்ளிக்கொண்டாள். பின்னாலேயே நான் ஏறப் போனேன். "நீரு இரும். எதுத்த வீட்டு ஆச்சிய ஏத்தணும். அடுத்த நடைக்கு வாரேன், அதுவரைக்கும் எதாவது வாசியும்" என்றாள். வள்ளத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். மேசை மேல் ஏறி உட்கார்ந்து அவள் திரும்பி வரும்வரை அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

திரேஸ்புரத்தில் அவள் வீடு ஒரே அறை. மேட்டில் இருந்ததால் தண்ணீர் ஏறவில்லை. என் கையில் கடுங்காப்பி கொடுத்தாள். நடுங்கிக்கொண்டிருந்தேன், குடித்தேன். குடித்து முடிக்கும்வரை எதிரே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்ளரைக் கீழே வைத்ததும், "குடிச்சாச்சா கும்பாதிரி?" என்று கேட்டாள். நம் கடற்கரையில் பிள்ளையைப் பெற்றவனும் ஞானத்தாயும் ஒருவருக்கொருவர் என்ன உறவோ அந்த உறவின் பெயரைச் சொல்லி அவள் என்னைக் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. உன் ஞானஸ்நானத்திலிருந்து அதுவரை நான் அவளுக்கு எம்.ஏ.க்காரர்தான். "நீரு எங்க வீட்டுல கை நனைச்சாச்சு. இனி நானும் உம்ம வீட்டுல கை நனைப்பேன். மிக்கேலு கல்யாணப் பேச்சு வரட்டும், வந்து சம்மணம் போட்டு உக்காந்து திங்கேன்" என்றாள். அந்த வெள்ளத்தில் என் புத்தகங்கள் எல்லாம் போயின. எனக்கு ஒரு ஆள் கிடைத்தாள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருநாள் ஆபீஸ் விட்டு வரும் வழியில் அவள் ஏலம் போடுகிற இடத்தில் போய் நிற்பேன். பெரியப்பாவைப் பற்றி நானும், யாவாரிகளைப் பற்றி அவளும் மாற்றி மாற்றித் திட்டுவோம். இந்த ஊரில் என்னோடு உட்கார்ந்து பேசுவதற்கு வேறு யாரும் இல்லை என்பதை நீ அறிவாய்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். பெண்ணும் அவள் வீட்டாரும் சென்னையிலிருந்து வந்து நம் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலில் பிலோமி. ஒரு நிமிடம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. சட்டை இல்லை. மாம்பழ நிறப் பட்டுச்சேலை, தலையில் பிச்சிப்பூ. வெற்றிலை இல்லாத வாய். கையை வீசிக்கொண்டு வந்திருந்தாள், பெட்டி இல்லை, பை இல்லை. இந்த வீட்டுக்கு அவள் மீன் இல்லாமல் வந்தது அன்றைக்குத்தான். விருந்தாளியாக வந்திருந்தாள், மகனே. வந்தவள் நேராக உன்னிடம் வந்து உன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "ஏலே, மாப்பிள்ள ஆயிட்டியோலே" என்று அவளுடைய குரலில் சொன்னாள். பெண்ணின் அம்மா காபி குடிப்பதை நிறுத்திவிட்டு, "இவங்க?" என்று கேட்டார். கேட்டது தப்பில்லை. யாராக இருந்தாலும் கேட்பார்கள்.

"நம்ம வீட்டுக்கு மீன் குடுக்கிறவங்க, ஆன்ட்டி" என்றாய்.

நான் பக்கத்தில் நின்றேன். உன் கன்னத்திலிருந்து அவள் கை இறங்குவதைப் பார்த்தேன். உன்னை விட்டுக்கொடுக்காமல் அடுத்த நொடியே அந்த அம்மாளிடம் திரும்பினாள். "ஆமா தாயி. மீன்காரிதான். சீலா நல்லா கெடைக்கும், வேணும்னா சொல்லும், ஐஸ் வச்சுக் குடுத்தனுப்புதேன்" என்றாள். அந்த அம்மாள் சிரித்துத் தலையாட்டினார். நீயும் சிரித்தாய். அவள் அடுக்களைப் பக்கமாகப் போய், உன் அம்மா இலை போடப் போடப் பின்வாசல் வழியாக இறங்கிப் போய்விட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அன்று மாலை உன்னை வாசல்படியில் மறித்துக் கேட்டேன். நீ சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன். "அப்பா, ஃபர்ஸ்ட் இம்ப்ரஷன் முக்கியம். அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இல்லை. அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்." மெதுவாகவா? எனக்கு அவளைப் பற்றிய எண்ணம் மாற எத்தனை காலம் ஆயிற்று என்று மேலே எழுதியிருக்கிறேன். அது மாறியதற்கு என் படிப்போ என் பெருந்தன்மையோ காரணம் இல்லை. அவள் திரும்பத் திரும்ப வந்தாள், அதுதான் காரணம். நான் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்தபோதும் வந்தாள், நீ தெருமுனையில் இறங்கச் சொன்னபோதும் வந்தாள். ஒருவரைப் பற்றிய முதல் எண்ணம் மாறவேண்டும் என்றால் அவர் மறுபடி கண்ணில் பட வேண்டும். அதற்குத்தான் நீ கதவை அடைத்துவிட்டாய். நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண் பிலோமியை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், அதுவும் நீ மாட்டிவிட்ட முகமூடியோடு. நான் அன்று ஆஸ்பத்திரியில் தப்பாக எடைபோட்டேன், ஆனால் கண்ணால் பார்த்ததை வைத்து எடைபோட்டேன். நீ எல்லாம் தெரிந்துகொண்டே எடைக்கல்லை மாற்றி வைத்தாய். இது யாவாரிகள் செய்கிற வேலை.

அவளைக் கல்யாணத்துக்கு அழைக்க நான் தனியாகத் திரேஸ்புரம் போனேன். ஏலம் முடிந்து தார்ப்பாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டை மறுபடி ஏறியிருந்தது.

"பிள்ள சொன்னதுல என்ன தப்பு? நான் மீன்காரி இல்லாம கலெக்டரா?" என்றாள்.

"கல்யாணத்துக்கு வரணும் பிலோமி."

"வந்தாப் போச்சு. எத்தன கிலோ வேணும்னு ரீட்டாட்ட கேட்டுச் சொல்லச் சொல்லும் சார்."

சார். கேட்டுக்கொண்டாயா? எனக்கு இருந்த ஒரே உறவின் பெயர் அவள் வாயிலிருந்து போய்விட்டது. நின்று பார்த்தேன், அவள் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தாள், என் செருப்பு நனைந்தது, திரும்பி வந்துவிட்டேன்.

நீ செய்யவேண்டியது இதுதான். அடுத்த ஓலைக்கு ஊருக்கு வா. அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா. அவளை நான் ஒரே நாள்தான் பார்த்தேன், அவளைப் பற்றி இன்னும் எந்த முடிவும் வைத்துக்கொள்ளவில்லை, வைத்துக்கொள்ளவும் மாட்டேன். இருவரும் திரேஸ்புரம் போங்கள். காரைத் தெருமுனையில் நிறுத்தாதே, அவள் வாசலில் நிறுத்து. இவள் என் ஞானத்தாய், நான் அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று அந்தப் பெண்ணிடம் பிலோமியின் காது கேட்கச் சொல். அவள் திட்டுவாள். ஏலக் கரை முழுக்கக் கேட்கும். வாங்கிக்கொள். கதவைச் சாத்தினால் மறுநாள் போ. மறுநாளும் சாத்தினால் அதற்கு மறுநாள் போ. எத்தனை தடவை போகவேண்டும் என்று என்னிடம் கேட்காதே. அதற்குள் கல்யாண நாள் வந்துவிட்டால், கல்யாணம் முடிந்த பிறகும் போ. நீ போனாய் என்று தெரியும்வரை நான் மண்டபத்துக்கும் வரமாட்டேன், போட்டோவுக்கும் நிற்கமாட்டேன். உன் அம்மா அழுவாள். அழட்டும்.

இந்தக் கடிதத்தின் அடியில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். 'அன்புள்ள அப்பா' என்று எழுதினால் இந்த வாரத்துக்கு அது பொய். என் பெயரை மட்டும் எழுதினால் உன் ஆபீஸுக்கு வரும் கடிதம் போல இருக்கும். கல்யாணம் நெருங்கும்போது மொட்டைக் கடிதம் வருவது நம் ஊரில் புதிது இல்லை. மாப்பிள்ளையின் யோக்கியதை என்னவென்று பெண் வீட்டுக்கு எழுதுவார்கள், கையெழுத்து இருக்காது. நான் பெண் வீட்டுக்கு எழுதவில்லை. அங்கே சொல்லவேண்டியவன் நீ. மாப்பிள்ளையின் யோக்கியதையை மாப்பிள்ளைக்கே எழுதியிருக்கிறேன். எழுதியது யாரென்று உனக்குத் தெரியும், இருந்தாலும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டேன். இப்படியே மடித்து, ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.